திங்கட்கிழமை யார் வருவார்கள்?

முதல் சந்திப்பிலேயே எங்கள் வாயை அடைத்துவிட்டார் அந்தத் தலைமையாசிரியர். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் வழியில், அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி. விண்டோஸை விட்டு லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளுக்கு, அதாவது யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருளுக்கு, மாறினால் உரிமக் கட்டணம் எவ்வளவு மிச்சமாகும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொண்டுபோயிருந்தோம். நிதானமாகப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “இப்ப இருக்கிறதும் சும்மாதானே தம்பி போட்டுக் குடுத்தாங்க?” என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. டெல்டாவில் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் 300 ரூபாய்க்கு விண்டோஸ், ஆபிஸ், போட்டோஷாப், பேஜ்மேக்கர், கூடவே நாற்பது தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் ஒரே மதியத்தில் ஏறிவிடும். உரிமம் என்ற சொல்லை அந்தப் பள்ளியில் யாரும் கேட்டதே இல்லை. ‘இலவசம்’ என்று சொல்லி இலவசத்தை விற்கப் போயிருக்கிறோம்.

நாங்கள் ஐந்து பேர். மூன்று பேருக்குச் சென்னையில் வேலை. மன்னை எக்ஸ்பிரஸில் சனிக்கிழமை காலை வந்திறங்கி, ஞாயிறு இரவு அதே வண்டியில் திரும்புகிறவர்கள். ஒருவர் பாலிடெக்னிக் மாணவர். நான் உள்ளூரில் இருந்தாலும் வாரநாளில் கையில் நேரம் இல்லாதவன். இந்த வண்டி நேரத்தை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வரும். 2023 செப்டம்பரில் காலாண்டு விடுமுறையில் தொடங்கிய வேலை இது. ஒரு பள்ளி, அப்புறம் ஒரு தொண்டு நிறுவனம். இரண்டிலும் சரியாகப் போனதையும் சொதப்பியதையும் எழுதி வைக்கிறேன்.

எதற்காகச் சம்மதித்தார்கள்

எங்கள் கணக்குத் தாளுக்காக இல்லை. இரண்டு காரணங்கள்.

முதலாவது ஷார்ட்கட் வைரஸ். ஆசிரியர்களின் பென் டிரைவ் ஜெராக்ஸ் கடைக்கும் பள்ளிக்கும் வீட்டுக்கும் அலைகிறது. எங்கே செருகினாலும் கோப்புறைகள் எல்லாம் மறைந்து, அதே பெயரில் ஷார்ட்கட்டுகள் முளைக்கும். கணித ஆசிரியர் ஒருவர் மூன்று ஆண்டுப் பாடக்குறிப்பு அழிந்துவிட்டதாகவே முடிவு கட்டி, நோட்டில் திரும்ப எழுதத் தொடங்கியிருந்தார். அந்தப் பென் டிரைவை எங்கள் மடிக்கணினியில் செருகினோம். லினக்ஸ் அந்த மறைப்பைச் சட்டை செய்வதில்லை. அத்தனையும் அப்படியே கண்ணுக்குத் தெரிந்தன. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்று மாலைக்குள் ஆசிரியர் அறை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அதற்கப்புறம் நாங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது காரணத்தை எடுத்துக்கொடுத்தவர் கணினி ஆசிரியை. 2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் 11ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகம் ஓபன் ஆபிஸ் என்ற கட்டற்ற மென்பொருளின் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் என்றுதான் பாடம் நடத்துகிறது. இயங்குதளப் பாடத்தில் விண்டோஸோடு உபுண்டு என்ற லினக்ஸும் வருகிறது. ஆய்வகத்தில் இருந்ததோ வேறு. பிள்ளைகள் புத்தகத்தில் ஒரு மெனுவைப் படித்துவிட்டுத் திரையில் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். “புக்குல இருக்கிறதையே லேப்ல போட்டுக் குடுங்க சார், அது போதும்” என்றார். ஓபன் ஆபிஸிலிருந்து 2010இல் பிரிந்து வந்த லிப்ரே ஆபிஸ் அந்தப் பாடத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஓரிரு மெனுக்கள்தான் இடம் மாறியிருக்கும்.

இதே மாநிலத்தில் 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கலாம். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய இந்திய லினக்ஸ். கையில் கிடைத்ததும் அதை அழித்துவிட்டுப் படம் ஏற்ற இடம் பிடித்தவர்களில் நானும் ஒருவன். பாடமும் தேர்வும் கேட்காத ஒன்றை எந்தப் பிள்ளையும் வைத்துக்கொள்ளாது. கேரளத்தில் 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம் நிலைத்ததற்கு அங்கே பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வே கட்டற்ற மென்பொருளில் நடந்தது பெரிய காரணம். இங்கே 11ஆம் வகுப்புப் புத்தகம் அந்தக் கதவைப் பாதி திறந்து வைத்திருக்கிறது. மீதிப் பாதியை 12ஆம் வகுப்புப் புத்தகம் சாத்துகிறது. அதில் பேஜ்மேக்கர் ஒரு பாடம். 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு நின்றுபோன பக்க வடிவமைப்பு மென்பொருள். அதற்காகவே ஆய்வகத்தில் நான்கு கணினிகளை விண்டோஸிலேயே விட்டுவைத்தோம். கொள்கை பேசிக்கொண்டு பிள்ளைகளின் மதிப்பெண்ணில் கைவைக்க முடியாது.

இரண்டு நாள் வேலை

ஆய்வகத்தில் 18 கணினிகள். பெரும்பாலும் கோர் 2 டியோ, 2 ஜிபி நினைவகம். மூன்று உயிர் போனவை. ஒன்றின் மின்வழங்கிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே எலிக்கூடு, வைக்கோலும் நெல் உமியும். சுற்றிலும் வயல், அறுவடை முடிந்தால் எலி வேறெங்கே போகும்? செத்த மூன்றின் நினைவகங்களைக் கழற்றி மற்றவற்றில் போட்டோம்.

நான்கைப் பேஜ்மேக்கருக்கு ஒதுக்கியதும் ஆய்வகத்தில் மாற்ற வேண்டியவை 11. தட்டச்சர் மேசையில் ஒன்று, ஆசிரியர் அறையில் ஒன்று. மொத்தம் 13. சம்பளப் பட்டியல் போடும் அலுவலகக் கணினியைத் தொடவே இல்லை. மாதக் கடைசியில் அது நின்றால் பள்ளியில் எங்களுக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது.

முன்னாள் மாணவர்கள் சிலர் ஒன்று 1,100 ரூபாய் விலையில் 13 எஸ்எஸ்டி (பழைய வட்டுக்குப் பதிலாகப் போடும் வேகமான வட்டு) வாங்கித் தந்தார்கள். நாங்கள் செலவழிக்க வைத்ததிலேயே மிகப் பயனுள்ள பணம் அதுதான். லினக்ஸ் வேகமாக ஓடுகிறது என்று ஆசிரியர்கள் மெச்சியதில் பாதிப் பெருமை அந்தச் சின்ன வட்டுக்குப் போக வேண்டும். இதை மறைத்து லினக்ஸின் புகழாகவே எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

போட்டது லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகை, பழைய கணினிக்கும் பளுவில்லாத எக்ஸ்எஃப்சிஇ முகப்போடு. ஒரு கணினியைச் சரியாக அமைத்து, குளோன்சில்லாவால் அதன் வட்டை முழு நகலாக, படிமமாக எடுத்து, மற்றவற்றில் இறக்கினோம். வானியலுக்கு ஸ்டெல்லேரியம், சிறுவர் கல்வி விளையாட்டுக்கு ஜிகாம்ப்ரி, 11ஆம் வகுப்பு சி++க்குக் கோட் பிளாக்ஸ், 12ஆம் வகுப்புக்குப் பைதான், இணையம் இல்லாமலே திறக்கும் தமிழ் விக்கிப்பீடியா கிவிக்ஸில். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் இணைப்பு நாள்கணக்கில் இருக்காது என்பதால் கடைசியாகச் சொன்னதுதான் பிள்ளைகளிடம் அதிகம் அடிபட்டது.

எதிர்பாராமல் நேரத்தைத் தின்றவை சில்லறை விஷயங்கள். நான்கு கணினிகளில் எந்தத் தளமும் திறக்கவில்லை, பாதுகாப்பற்ற இணைப்பு என்றே வந்தது. ஒரு மணி நேரம் வலையமைப்பைக் குடைந்த பிறகு பார்த்தால், தாய்ப்பலகையின் பட்டன் பேட்டரி செத்துக் கணினி 2009ஆம் ஆண்டில் இருந்தது. தேதி தவறினால் தளச் சான்றிதழ்கள் செல்லாது. முப்பது ரூபாய் பேட்டரி. கணினி ஆசிரியையின் பழைய சி++ நிரல்களும் ஓடவில்லை. டர்போ சி++ காலத்து கோனியோ தலைப்புக் கோப்பும் திரையைத் துடைக்கும் கட்டளையும் இப்போதைய கம்பைலருக்குத் தெரியாது. அவரே உட்கார்ந்து ஒரு மாலையில் திருத்திவிட்டார்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் படம் எடுத்துக்கொண்டோம். மூவரும் ரயிலேறினார்கள். வேலை முடிந்தது என்றே நினைத்தோம்.

அக்காவின் கை

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்குத் தட்டச்சர் அக்கா கூப்பிட்டார். “தம்பி, ரெண்டாயிரத்து எட்டுலேருந்து இருக்குற கொஸ்டின் பேப்பர் எல்லாம் பூச்சி பூச்சியா வருது.”

விஷயம் புரிந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோட் முறை பரவுவதற்கு முன் தமிழை ஏமாற்றித்தான் கணினியில் அடித்தோம். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைப்பார்கள். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிந்தால், கோப்புக்குள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கும்வரை தமிழ், இல்லாவிட்டால் பூச்சி. அக்காவின் கணினியில் 15 ஆண்டு வினாத்தாள்கள், மாற்றுச் சான்றிதழ் மாதிரிகள், ஆண்டு விழா அழைப்பிதழ்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் அப்படித்தான் கிடந்தன. பெரும்பாலும் பாமினி. சில வெளிக்கடைகளில் அடித்து வாங்கியவை, அவற்றில் வேறு வேறு எழுத்துருக்கள்.

பழைய எழுத்துருக்களை நிறுவி அன்றைக்குச் சமாளித்தோம். ஆனால் உண்மையில் பூட்டு எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறுவது இரண்டு நாள். பாமினியிலிருந்து தமிழுக்கு மாற எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல். அக்காவின் மேசைக்கு அது வந்து சேர்ந்தது 2024இல்.

முதலில் கை. அக்கா தட்டச்சுப் பயிலகத்தில் ஹையர் பாஸ் செய்தவர். தாளைப் பார்த்தபடி, திரையைப் பார்க்காமல் அடிப்பார். அவர் விரலுக்கு ‘கெ’ என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க. யூனிகோடில் க முதலில், கொம்பு பிறகு. தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள், ரொம்ப எளிது என்று எங்களில் ஒருவர் சொன்னார். 1999 மாநாட்டில் அறிவிக்கப்பட்ட நல்ல அமைப்புதான்; புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் இருபது ஆண்டுப் பழக்கமுள்ள ஒருவரிடம் அதைச் சொல்வது, நாற்று நடுகிறவரிடம் இடக்கையால் நடுங்கள் என்று சொல்வது மாதிரி. அக்கா முகத்தில் எதையும் காட்டவில்லை. அந்த வாரம் முழுக்க வினாத்தாள்களை வெளியே கொடுத்து அடித்து வாங்கினார். அதுதான் அவர் பதில்.

லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாக வரும் தமிழ் உள்ளீட்டு முறைகளில் தட்டச்சு முறையும் ஒன்று உண்டு. அதிலும் சில விசைகள் அவர் கைக்கு வேறிடத்தில் இருந்தன. நல்லவேளை, எந்த விசைக்கு எந்த எழுத்து என்று அதற்குச் சொல்லும் எம்17என் உள்ளீட்டு அட்டவணைகள் வெறும் உரைக்கோப்புகள், திறந்து திருத்தலாம். பாலிடெக்னிக் தம்பி அக்காவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் அடிக்க அடிக்கக் குறித்துக்கொண்டு, அவர் கைக்கென்றே ஓர் அட்டவணை எழுதினார். கொம்பு முன்னால் வரும் எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்: 18 மெய், 5 கிரந்தம், ஒவ்வொன்றுக்கும் கெ, கே, கை, கொ, கோ, கௌ என்று ஆறு. 138 வரிகள். மூன்று மாலை. நாலாம் நாள் அக்கா திரையைப் பார்க்காமல் ஒரு பக்கம் அடித்துவிட்டு, “ஆங், இது சரி” என்றார். இந்த மூன்று ஆண்டுகளில் எங்களுக்குக் கிடைத்த சான்றிதழ் அது ஒன்றுதான்.

அப்புறம் பழைய கோப்புகள். ஓபன் தமிழ் என்ற பைதான் நிரலகத்தில் பாமினி உள்ளிட்ட பழைய குறியாக்கங்களை யூனிகோடாக மாற்றும் வசதி இருக்கிறது. அதைக் கொண்டு மொத்தமாக ஓட்டி, மாற்றியாயிற்று என்று மகிழ்ந்து, இயற்பியல் ஆசிரியரிடம் ஒரு வினாத்தாளைக் காட்டினோம். “5 மப நிறையுள்ள பொருளொன்று” என்று முதல் கேள்வி. அது என்ன மப? கிலோகிராமுக்கு ஆங்கிலத்தில் இட்ட கே, ஜி இரண்டும் பாமினிக் கணக்கில் ம, ப. சென்டிமீட்டர் ‘உஅ’ ஆகியிருந்தது. வேதியியல் தாளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆங்கிலச் சொற்கள் வேறு எழுத்துருவில் இருந்தன. நாங்கள் எழுத்துருவைப் பார்க்காமல் உரையை மட்டும் உருவி மாற்றியதால் வந்த வினை. பழைய டாக் கோப்புகளை லிப்ரே ஆபிஸின் கட்டளைவரி வசதியால் டாக்ஸ் வடிவத்துக்குக் கொண்டுவந்து, உள்ளே ஒவ்வொரு துண்டுக்கும் எந்த எழுத்துரு என்று பார்த்து, பாமினித் துண்டுகளை மட்டும் மாற்றும்படி நிரலைத் திருத்தினோம். அப்போதும் ஒரு தொல்லை. யாரோ எப்போதோ ஒரு சொல்லின் நடுவில் திருத்தியிருந்தால், கொம்பு ஒரு துண்டிலும் அதன் மெய் அடுத்த துண்டிலுமாகப் பிரிந்து கிடக்கும். அடுத்தடுத்த ஒரே எழுத்துருத் துண்டுகளை முதலில் ஒட்டி, பிறகு மாற்ற வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் போயிற்று. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் இந்த ஒரு பத்தியையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

2024 கோடை விடுமுறையில் 11ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் மாறிய கோப்புகளைப் பழைய அச்சுத் தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு பிழைக்கு ஒரு மிட்டாய் என்று அக்கா ஏற்பாடு. இப்போது கோப்புறையில் ‘ஒளிவிலகல்’ என்று தேடினால் 2009இலிருந்து அந்தப் பாடத்தில் கேட்ட கேள்வியெல்லாம் வந்து நிற்கிறது. ஆசிரியர்கள் லினக்ஸைப் பாராட்டுவதில்லை, இதைத்தான் பாராட்டுகிறார்கள். விண்டோஸில் இருந்துகொண்டே இந்தக் கோப்புகளை மாற்றியிருக்கலாம் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் இயங்குதளத்தை மாற்றப் போய்த்தான் அது கண்ணில் பட்டது.

நான்கு கணினிகள் திரும்பிப் போன கதை

இதை இடையில் சொல்லாமல் விட்டேன். 2024 பொங்கல் விடுமுறை முடிந்து போய்ப் பார்த்தால் ஆய்வகத்தில் நாங்கள் மாற்றியவற்றில் நான்கு கணினிகளில் மறுபடியும் விண்டோஸ்.

கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர்தான் பல ஆண்டுகளாக அந்தப் பள்ளிக்குப் போய்வந்தவர். எங்களுக்கு அவரைத் தெரியும், பார்த்துப் பேச வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அரையாண்டுத் தேர்வுக்கு முன் பிரிண்டர் வரவில்லை என்று பள்ளியிலிருந்து எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாரநாள். ஒருவர் மீட்டிங்கில், ஒருவர் பணிநேரத்தில், எனக்குத் தவறிய அழைப்பு. அவரைக் கூப்பிட்டார்கள். அரைமணியில் வந்தார்.

பிரிண்டர் கதை தனி. பாதி நாட்டு அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன லேசர் பிரிண்டர், சாகவும் சாகாது, லினக்ஸோடு ஒழுங்காகப் பேசவும் பேசாது. எங்கள் சோதனையில் வேலை செய்தது, ஒரு புதுப்பித்தலுக்குப் பிறகு நின்றுவிட்டது. அவர் வந்தார், தெரிந்ததைச் செய்தார்.

கொஞ்சம் கோபத்தோடுதான் அவர் கடைக்குப் போனோம். “அண்ணே, எக்ஸாம் நேரத்துல பிரிண்டர் வரலன்னு நின்னாங்க. எனக்குத் தெரிஞ்சதைப் போட்டுக் குடுத்தேன். உங்க நம்பர் எங்கிட்ட இல்லையே” என்றார். சரிதானே? கொஞ்சம் தயங்கி இன்னொன்றும் சொன்னார். வைரஸ் வந்தால் மாதத்துக்கு இரண்டு தடவையாவது அந்தப் பள்ளியிலிருந்து வேலை வரும். செப்டம்பருக்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை என்று.

நாங்கள் சேவை என்று நினைத்துச் செய்தது அவர் பிழைப்பில் கைவைத்திருக்கிறது. சம்பளம் வாங்கும் வேலையில் இருந்துகொண்டு வார இறுதியில் இலவசமாக வந்து போகிறவர்கள், தினமும் கடை திறந்து வைத்திருப்பவரின் வேலையைப் பறித்துக்கொண்டு, திங்கட்கிழமை அவரையே எதிர்பார்த்தால் எப்படி? தன்னார்வக் குழுக்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பது என் கருத்து.

தலைமையாசிரியரிடம் பேசி, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாக அவருக்கு ஆண்டுப் பராமரிப்புத் தொகை ஒன்று ஏற்பாடாயிற்று. தொகை சிறிதுதான், ஆனால் வைரஸ் வந்தாலும் வராவிட்டாலும் உண்டு. நான்கு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்களோடு உட்கார்ந்தார். குளோன்சில்லா படிமத்தை ஒரு வெளிவட்டில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டோம். எந்தக் கணினி படுத்தாலும் இருபது நிமிடத்தில் எழுப்பிவிடுவார். பிரிண்டருக்குத் தீர்வு சொன்னவரும் அவரே. “ஏண்ணே அதோட மல்லுக்கட்டுறீங்க? பிடிஎஃப் ஆக்கி ஷேர் ஃபோல்டர்ல போடச் சொல்லுங்க. ஆபிஸ் கம்ப்யூட்டர்லேருந்து பிரின்ட் எடுத்துக்கட்டும்.” மூன்று மாதம் பிரிண்டருக்கான டிரைவர் மென்பொருளைத் தேடி அலைந்தவர்களுக்கு இது தோன்றவில்லை. திரும்பிப் போன நான்கில் இரண்டை அவரே மறுபடி லினக்ஸ் ஆக்கினார். மற்ற இரண்டும் விண்டோஸிலேயே இருக்கட்டும், பேஜ்மேக்கர் வகுப்புக்கு நான்கு போதவில்லை என்று ஆசிரியை சொல்லிவிட்டார்.

விதைக் கணக்கு

2025இல் வேதாரண்யம் பக்கத்துத் தொண்டு நிறுவனம் ஒன்று கூப்பிட்டது. மரபு நெல் விதைகளைக் காத்துப் பரப்புகிறவர்கள். இரண்டு கிலோ விதை வாங்கும் விவசாயி அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று நெல் ஜெயராமன் பரப்பிய முறையைத்தான் இவர்களும் பின்பற்றுகிறார்கள். அவர்களுக்கு உடனடிப் பிரச்சினை, நன்கொடையாக வந்த பழைய மடிக்கணினிகள் ஐந்து. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிவதாக இருந்தது; விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு அவற்றில் இல்லை. நல்ல கணினிகளைக் காயலான் கடைக்குப் போடுவதா என்று கேட்டார்கள்.

இங்கே நாங்கள் கொஞ்சம் தேறியிருந்தோம். போனதும் கணினியைத் திறக்கவில்லை. யார் எதை எதில் அடிக்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்கக் கேட்டோம். மேட்டூர் திறந்ததிலிருந்து சம்பா விதைப்பு முடியும்வரை களப்பணியாளர்கள் யாரும் அலுவலகத்தில் உட்கார மாட்டார்கள் என்று தெரிந்தது. அதனால் அந்த மாதங்களில் எதையும் மாற்றவில்லை.

கஜா புயலுக்குப் பிந்தைய நிவாரணப் பட்டியல்கள் உட்பட எல்லாமே பாமினியில், எக்செல் தாள்களில். பாமினியில் பெயர்களை அகரவரிசைப்படுத்தினால் அது ஆங்கில எழுத்தின் வரிசையில் போகும். ஜே என்பது த, கே என்பது ம. ஆகவே தங்கராசுவை அடுத்து மாரியப்பன் வந்து நிற்பார், மற்றவர்களும் இப்படிக் கண்ணுக்கே தெரியாத ஏதோ ஒழுங்கில்தான். ஆண்டாண்டாக யாரும் அந்தப் பட்டியலில் பெயரை வரிசையாகப் பார்த்ததே இல்லை, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடியிருக்கிறார்கள். பள்ளிக்கு எழுதிய நிரல் இங்கே ஒரு வாரத்தில் வேலையை முடித்துவிட்டது.

யூனிகோடுக்கு வந்ததும் அடுத்த சிக்கல் வெளிச்சத்துக்கு வந்தது. கருப்புக் கவுனி, கருப்பு கவுனி, கறுப்புக்கவுணி, க.கவுனி. நான்கும் ஒரே நெல். இப்படி எழுதி வைத்தால் எந்த நெல் எத்தனை கிலோ வெளியே இருக்கிறது என்று எந்த மென்பொருளாலும் கூட்டிச் சொல்ல முடியாது. கோபோ டூல்பாக்ஸில் ஒரு தமிழ்ப் படிவம் அமைத்து, நெல்லின் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைத்தோம். களப்பணியாளர் கைப்பேசியில் சிக்னல் இல்லாத வயலிலும் நிரப்பலாம். ஊருக்குள் வந்ததும் தானே அனுப்பிவிடும். பூங்காரா குள்ளக்காரா என்று வயலில் நின்று விவாதித்து முடிவு செய்துதான் தட்ட வேண்டும். அந்த விவாதம் முன்பு அலுவலகத்தில் ஆறு மாதம் கழித்து நடந்துகொண்டிருந்தது.

கணக்கை டேலியிலிருந்து மாற்ற வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. குனுகாத்தா, குனுகேஷ் இரண்டும் நல்ல மென்பொருள்கள்தான். ஆனால் ஆடிட்டர் டேலி கோப்பு கேட்கிறார். ஆடிட்டரை மாற்ற எங்களால் முடியாது. வருமான வரித் தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் அதே கணினியில். அது விண்டோஸிலேயே இருக்கட்டும் என்றோம்.

இவ்வளவு கவனமாக இருந்தும் பெரிய தவறு இங்கேதான் நடந்தது, செய்தது நான். கணக்கர் அம்மா ஒரு பழைய மடிக்கணினியிலும் டேலி வைத்து, வீட்டில் உட்கார்ந்து பதிவு போட்டுக்கொண்டிருந்தார். நான் அந்த மடிக்கணினியின் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டி டிரைவ் எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். டேலியின் தரவுக் கோப்புறை சி டிரைவில், வேறோர் இடத்தில் இருந்தது. வட்டைத் துடைத்துவிட்டேன். மறுநாள் அவர், “தம்பி, ஏப்ரலுக்கு அப்புறம் போட்டது எங்க இருக்கு?” என்று கேட்டபோதுதான் தெரிந்தது. மார்ச் வரைக்குமான நகல் ஆடிட்டரிடம் இருந்தது. மீதி ஐந்து மாத வவுச்சர்களை அவரும் நானும் ஆறு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மறுபடி போட்டோம். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வழக்கம் மாறிவிட்டது: எந்தக் கணினியிலும் பழைய வட்டைத் துடைப்பதில்லை. கழற்றி, பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, ஆறு மாதம் பீரோவில் வைக்கச் சொல்கிறோம். புது எஸ்எஸ்டியில்தான் லினக்ஸ். ஆயிரம் ரூபாய் கூடுதல் செலவு என்று யாராவது முணுமுணுத்தால் அந்த ஆறு ஞாயிறுகளைச் சொல்வேன்.

இப்போதைய நிலை

பள்ளியில் மாற்றிய 13இல் 11 லினக்ஸில் ஓடுகின்றன. தொண்டு நிறுவனத்தில் ஐந்தில் நான்கு. ஒன்றை அதன் இயக்குநர் தனக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டு விண்டோஸ் போட்டுக்கொண்டார், நாங்கள் எதுவும் கேட்கவில்லை. லிப்ரே ஆபிஸின் மெனுக்களைத் தமிழில் வைத்துப் பார்த்தோம். இரண்டு இடத்திலும் ஒரே வாரத்தில் ஆங்கிலத்துக்கே மாற்றச் சொல்லிவிட்டார்கள். வருத்தம்தான். கடைத்தெருத் தம்பி உரக்கடை ஒன்றின் பழைய பில் கணினியில் மின்ட் போட்டுக் கொடுத்து 500 ரூபாய் வாங்கியதாகக் கேள்வி. எங்களிடம் சொல்லவில்லை, உரக்கடைக்காரர்தான் சொன்னார்.

பள்ளிக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போன திங்கட்கிழமை அக்கா அதில் ஒரு படம் போட்டிருந்தார். 2006ஆம் ஆண்டு விழா மலர், பேஜ்மேக்கர் கோப்பு. லிப்ரே ஆபிஸ் டிராவில் ஓரளவு திறந்திருக்கிறது, ஆனால் தலைமையாசிரியரின் வாழ்த்துரை மேல் கபடி அணியின் புகைப்படம் ஏறி உட்கார்ந்திருந்தது. “இது வருமா?” என்று கேட்டிருந்தார். நான் சாப்பாட்டு இடைவேளையில்தான் பார்த்தேன். அதற்குள் பதில் போயிருந்தது: “கடைக்குக் குடுத்து விடுங்கக்கா, பாக்குறேன்.”